தாவித் தாவி ஓடிய படம்

அத்தியாயம் 11

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு முகீபி தன் மாமியார் வீட்டுக்குக் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தான். முன்வாசல் வழியாக வரவில்லை. வரவும் முடியாது.

இரண்டு மாதங்களுக்கு முன்னால், உறவுக்காரர்கள் சூழப் பெண் கேட்டு வந்து நகிட்டோவை மணந்த நாளிலிருந்து, அவனுக்கும் அவள் அம்மா தியோபிஸ்தாவுக்கும் நடுவில் ஓபுகோ என்ற விலக்கு வந்துவிட்டது. மாமியாரும் மருமகனும் ஓர் அறையில் இருக்கக் கூடாது. முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது. கைக்குக் கை ஒரு தீப்பெட்டிகூட மாறக் கூடாது. மாறினால் கைநடுக்கம் வரும், வந்தால் போகாது என்பார்கள்.

கியெங்கெரா ஊரில் மற்ற மாமியார்கள் இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே மீறுகிறார்கள். தியோபிஸ்தா மீற மாட்டாள். அவள் மருத்துவச்சி. முப்பத்தொரு வருடம், நாலாயிரத்துச் சொச்சம் பிரசவம். நடுங்கும் கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மீறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருமகனை அவளுக்குப் பிடிக்கவில்லை. கம்பாலாவில் முகீபியின் கடையில்தான் அவள் கம்ப்யூட்டர் வாங்கினாள். துணைக்கு மகளை அழைத்துப் போனாள். அதன் பிறகு நடந்ததுதான் நமக்குத் தெரியுமே.

"கெட்ட மெஷினைக் கொடுத்துட்டு நல்ல பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டான்" என்று பக்கத்து வீட்டு வேலி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்தக் கெட்ட மெஷின்தான் இப்போது அவள் கழுத்துக்குக் கத்தியாக வந்திருந்தது.

போன வாரம் வந்த பழுப்பு உறையை அவள் பிரித்ததும், பிரித்தவள் பேசாமல் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். மருத்துவச்சிகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இந்த வருடம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தேர்வு. பத்து வீடியோ. ஒவ்வொன்றிலும் பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை, தேர்வுக்குத் தேர்வு வேறு வேறு குழந்தை. ஒரு நிமிடம் ஓடும். அதற்குள் மூச்சை எண்ணி, குழந்தை நலமா இல்லையா என்று எழுத வேண்டும். ஒவ்வொரு வீடியோவும் ஒரே ஒரு முறைதான் ஓடும்.

தியோபிஸ்தாவுக்கு இது பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி. ஆனால் இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் தோற்றாள்.

'ஆறாம் குழந்தைக்கு மூச்சு முப்பத்தெட்டு, நலம் என்று எழுதியிருக்கிறீர்கள்' என்றது மருத்துவச்சிகள் கழகத்தின் கடிதம். 'சரியான விடை அறுபத்தாறு. நோயுற்ற குழந்தையைத் தாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.'

அந்தக் கடைசி வரிக்குப் பிறகு அவள் ஆறு நாளாக ஒரு குழந்தையையும் தொடவில்லை. வந்தவர்களை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று மூன்று மணிக்கு மூன்றாவது தேர்வு. அதுதான் கடைசி. இதிலும் தோற்றால் வீட்டு முன் அறையில் நடக்கும் பிரசவ நிலையத்தை மூட வேண்டும். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டும்.

அம்மாவைக் கேட்காமலே நகிட்டோ புருஷனைக் கூட்டி வந்திருந்தாள்.

முகீபி ஜன்னலுக்கு வெளியே ஒரு மஞ்சள் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஜன்னலில் பூப்போட்ட திரை இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் தியோபிஸ்தா. நடுவில், இரண்டு பக்கமும் காது கேட்கிற தூரத்தில், நகிட்டோ.

"அம்மா, அவர் வணக்கம் சொல்றார்."

"கேட்டுது. வணக்கம் சொல்லு."

"ஏங்க, அம்மா வணக்கம் சொல்றாங்க."

"எனக்கும் கேட்டுது" என்றான் வெளியே முகீபி. "வீடியோ எப்படிக் கெடுதுன்னு கேளு."

"அம்மா, எப்படிக் கெடுதுன்னு கேக்கறார்."

"தாவுது. தவளை மாதிரி. குழந்தையோட நெஞ்சு மேல ஏறுது, அப்படியே நிக்குது, அப்புறம் பாத்தா கீழ இருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியல. போன வாரம் டவுன்லேர்ந்து ஒருத்தன் வந்து நெட்டுதான் கோளாறுன்னான். பெரிய நெட்டாப் போட்டுட்டுப் போனான். அப்பவும் தாவுது."

நகிட்டோ வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"படம் நிக்கும்போது சத்தமும் நிக்குதான்னு கேளு."

தியோபிஸ்தா யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "நிக்கலை. குழந்தை சிணுங்கற சத்தம், பின்னால ஒரு நர்சு பேசற சத்தம், எல்லாம் ஒழுங்கா ஓடுது. படம் மட்டும்தான் நொண்டுது."

"அப்போ நெட்டு இல்லை" என்றான் முகீபி. "நெட்டு கோளாறுன்னா ரெண்டும் சேர்ந்து நிக்கும். வட்டம் சுத்தும். இது மெஷினுக்கே முடியலை. ஆரம்பத்துலேர்ந்தே இப்படியா, இல்ல போகப் போகவா?"

அந்தக் கேள்வியில் தியோபிஸ்தாவின் தலை லேசாக நிமிர்ந்தது. வலி எப்போது ஆரம்பித்தது, விட்டு விட்டு வருகிறதா, தொடர்ந்து வருகிறதா என்று அவள் கேட்கிற கேள்விகளின் ஜாதி அது.

பழுப்பு உறையை எடுத்துக் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "ரெண்டு தடவையும் முதல் அஞ்சும் சரி. ஆறுலேர்ந்துதான் தப்பு."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

வெளியே முகீபி மெல்லச் சீட்டியடித்தான். அதே நேரத்தில் சமையலறைச் சுவரில் இருந்த மின்சார மீட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"ஐயோ, யாக்கா தீரப் போகுது!" என்று நகிட்டோ செருப்பைத் தேடினாள். முன்பணம் போட்டு வாங்கும் மின்சாரம்தான் யாக்கா. போட்ட பணம் தீர்ந்தால் அது யாரையும் கேட்காது, வீட்டை அணைத்துவிடும். "சந்தைக் கடைக்குத்தான் போகணும். நான் வர்ற வரைக்கும்..." என்று தொடங்கியவள் ஜன்னல் திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நான் வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் ஆகணும். மூணு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு."

போய்விட்டாள். வேலிப் பக்கம் ஒரு போடா வாடகை மோட்டார் சைக்கிளைக் கைதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அப்புறம் மீட்டரின் கீச்சொலி மட்டும்.

தியோபிஸ்தா தொண்டையைச் செருமினாள்.

"மாப்பிள்ளை."

முகீபி கேனிலிருந்து எழுந்தே விட்டான். "அம்மா?"

"மெஷினுக்கு முடியலைன்னா என்ன அர்த்தம்?"

"வீடியோங்கறது நிறைய படம்மா. வினாடிக்கு முப்பது படம். வரிசையா, வேகமாக் காட்டினா அசையற மாதிரி இருக்கும். மெஷின் திணறினா பத்தைக் காட்டிட்டு இருபதை விட்டுடும். சத்தத்தை மட்டும் விடாது."

"விட்டுடும்னா? திரும்பக் காட்டாதா?"

"காட்டாது. போனது போனதுதான்."

தியோபிஸ்தா கடிதத்தில் ஆறாம் குழந்தையின் வரி மேல் விரலை வைத்தாள். குரல் தாழ்ந்தது. "அப்போ அந்தக் குழந்தை விட்ட மூச்சுல பாதியை மெஷின் முழுங்கிடுச்சா?"

"ஆமாம்மா."

"என் கண்ணு முழுங்கலையே?"

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லைம்மா. காட்டின மூச்சை ஒண்ணு விடாம எண்ணியிருக்கீங்க. காட்டாததை யாரால எண்ண முடியும்?"

ஆறு நாளாகக் கல் மாதிரி நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதுவோ அங்கிருந்து நகர்ந்தது. தியோபிஸ்தா கைக்குட்டைக்குப் பதில் கைக்கு அகப்பட்ட பஞ்சை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெளியே இருப்பவன் பார்க்க முடியாது என்பது அப்போது வசதியாக இருந்தது.

"சரி. வைத்தியத்தைச் சொல்லுங்க" என்றாள்.

"போகப் போகக் கெடுதுன்னா பெரும்பாலும் சூடுதான். சூடு ஏறினா மெஷின் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் பாப்பீங்களே, அது மாதிரி பெட்டி மேல புறங்கையை வைங்க."

"துணி மேலயா, துணியை எடுத்துட்டா?"

வெளியே கேன் நகரும் சத்தம் கேட்டது.

"என்ன துணிம்மா?"

தியோபிஸ்தா துணியைப் பெருமையுடன் பார்த்தாள். வலி எடுக்கும் பெண்களோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கும்போது அவள் கை சும்மா இருக்காது. வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்னிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் சோபாவுக்குத் துணி உண்டு, ரேடியோவுக்கு உண்டு, தண்ணீர்க் குடத்துக்கும் உண்டு. கம்ப்யூட்டர் பெட்டிக்கு மூன்று.

"பின்னல் துணிதான். கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல அன்னாசிப் பூப் போட்டது ஒண்ணு. தூசி படக் கூடாதுன்னு கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சிருக்கேன்."

"அலமாரிக் கதவு?"

"மூடித்தான் இருக்கு. விருந்தாளித் தட்டெல்லாம் அதுலதானே இருக்கு."

"அம்மா" என்றான் முகீபி மிகவும் மரியாதையாக, "கியெங்கெரா வெயில்ல உங்களை மூணு போர்வை போத்தி, அலமாரியில வெச்சுப் பூட்டி, ஓடுன்னு சொன்னா ஓடுவீங்களா?"

தியோபிஸ்தாவுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது சிரிப்பு. அதை விழுங்கிக்கொண்டு அலமாரியைத் திறந்து, மூன்று துணிகளையும் உருவி, புறங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"முப்பத்தொன்பதுக்கு மேல இருக்கும். குழந்தையா இருந்தா இந்நேரம் வலிப்பு வந்திருக்கும்."

"அணைச்சுடுங்க. பிளக்கைப் பிடுங்கிடுங்க. வெளிய எடுத்து மேஜையில படுக்க வைங்க. பின்னால ரெண்டு திருகாணி இருக்கும்."

திருப்புளியை அவன் ஜன்னல் விளிம்பில் திரைக்கு அடியில் வைத்துவிட்டு ஐந்தடி பின்னால் போனான். "வெச்சுட்டேன்."

"போயிட்டீங்களா?"

"போயிட்டேன்."

அவள் எடுத்துக்கொண்டாள். திருகாணிகள் இரண்டும் ஒரே முயற்சியில் கழன்றன. பக்கத் தகட்டை நகர்த்தினாள்.

"யேசுவே! உள்ள ஒரு பூனைக்குட்டி படுத்திருக்கு."

"தூசிம்மா."

"செம்மண்ணு. சாலையில போற வண்டி அத்தனையும் இதுக்குள்ளதான் போயிருக்கு. காத்தாடி எங்கன்னே தெரியல."

"ஊதித் தள்ளணும். வாயால ஊதினா ஈரம் படும். கடையில இருக்கற ஊதற மெஷினைக் கொண்டு வர மறந்துட்டேன்." அவன் குரலில் முதல் தடவையாகக் கவலை. "சைக்கிள் பம்ப் ஏதாவது இருக்குமா?"

தியோபிஸ்தா முன் அறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். பிறந்த குழந்தையின் மூக்கிலிருந்து சளி உறிஞ்சும் ரப்பர் குமிழ் அவள் கையில் இருந்தது. அமுக்கினால் உஸ்ஸென்று காற்று வரும். இன்னொரு கையில் புத்தம் புது மெல்லிய தூரிகை.

"காத்தாடியைச் சுத்த விடாம ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க" என்றான் முகீபி. "உள்ள கம்பி ஓடற பச்சைப் பலகையில பலமா எதையும்..."

"மாப்பிள்ளை, ஒண்ணரைக் கிலோக் குழந்தைக்கு மூக்கைச் சுத்தம் பண்ணின கை இது."

அவன் கேனில் போய் உட்கார்ந்துகொண்டான்.

உஸ். உஸ். பூனைக்குட்டி துண்டு துண்டாக வெளியே வந்தது. தகடுகளின் இடுக்கில் ஒட்டியிருந்ததைத் தூரிகை நுனியால் தட்டித் தட்டி எடுத்தாள். தும்மினாள். "இறைவன் காப்பாத்தட்டும்" என்றது திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல். "ஆமென்" என்றாள் பழக்க தோஷத்தில்.

இருபது நிமிடத்தில் காத்தாடி ஒரு விரல் தட்டலுக்குப் பூ மாதிரி சுழன்றது.

இரண்டு மணி. பக்கத் தகட்டை மூடாமல், துணி போடாமல், மேஜை மேலேயே வைத்து மெஷினைப் போட்டாள். பார்த்துப் பழகுவதற்காகக் கழகம் கொடுத்திருந்த மாதிரி வீடியோவைத் திறந்தாள். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும் என்று முகீபி சொல்லிக் கொடுத்தான். அதில் எத்தனை படம் வந்தது, எத்தனை நழுவியது என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

"படிங்கம்மா."

"வந்தது முன்னூறு, நழுவினது நாலு. வந்தது அறுநூறு... நழுவினது முப்பது. ஐம்பத்திரண்டு. மாப்பிள்ளை, எண்பது! இன்னும் தாவுது."

முன்பு போல் இல்லை. ஆனால் குழந்தையின் நெஞ்சு இன்னும் நொண்டியது.

தியோபிஸ்தா நாற்காலியில் சாய்ந்தாள். "நான் சொல்லலை? மெஷினே கெட்டது. கொடுத்த நாளே கெட்டது."

வெளியே தேன்சிட்டு ஒன்று கத்தியது. மீட்டரும் கத்தியது. அந்த மீட்டர் சத்தத்தைக் கேட்டுத்தானோ என்னவோ, முகீபி மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, மின்சாரம் மிச்சமாகட்டும்னு மெஷின்ல எதையாவது மாத்தினீங்களா?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

"அம்மா?"

"யாக்கா சீக்கிரம் சீக்கிரம் தீந்துது" என்றாள் தியோபிஸ்தா, சுவரைப் பார்த்து. "ஒரு பச்சை இலைப் படம் இருந்துது. மிச்சம்னு போட்டிருந்துது. அழுத்தினேன். மிச்சம்னா யாருக்குக் கசக்கும்?"

"கசக்காதும்மா. ஆனா மெஷினுக்கு அது அரை வயித்துக் கஞ்சி. அது போதும்னு மெள்ள மெள்ள வேலை செய்யும். எழுத்து அடிக்கப் போதும். வீடியோவுக்குப் போதாது."

"நகிட்டோகிட்ட சொல்லாதீங்க. வருஷம் பூரா சொல்லிக் காட்டுவா."

"சொல்ல மாட்டேன். நீங்களும் ஒண்ணு சொல்லாதீங்க." அவன் கொஞ்சம் தயங்கினான். "துணி போத்தாதீங்க, காத்தோட்டமா வைங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் கடையில சொல்லித்தான் அனுப்புவேன். உங்களுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டேன். கூட வந்த பொண்ணைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

தியோபிஸ்தா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "மீதிச் சில்லறையை என் கையில கொடுக்காம அவ கையில கொடுத்தீங்க. சரி, இலையை எங்க போய்ப் பிடுங்கறது?"

அவன் வழி சொன்னான். மூன்று இடம் அழுத்தி, மிச்சத்தை எடுத்து முழு பலத்தை வைத்தாள். மெஷின் ஒரு கணம் பெருமூச்சு விட்டது. காத்தாடியின் சுருதி ஏறியது. பின்னால் திறந்து கிடந்த மற்றப் பக்கங்களையும் அவன் சொல்லி ஒவ்வொன்றாக மூடினாள். பாட்டுக் குழு, சமையல் குறிப்பு, பின்னல் மாதிரிகள் என்று பதினேழு இருந்தன.

மறுபடி மாதிரி வீடியோ.

"வந்தது முன்னூறு. நழுவினது பூஜ்யம்."

"விடுங்க, ஓடட்டும்."

"அறுநூறு. பூஜ்யம். ஆயிரத்து ஐநூறு. பூஜ்யம். மாப்பிள்ளை..." அவள் படத்துக்கு அருகே குனிந்தாள். "குழந்தையோட வயித்துல ஒரு சின்ன மச்சம் இருக்கு. இத்தனை நாள் இதை நான் பாக்கவே இல்லை."

பத்து நிமிடம் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். இருபது நிமிடம் ஓடவிட்டார்கள். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். "முப்பத்தேழு. காய்ச்சல் இறங்கிடுச்சு."

இரண்டே முக்காலுக்கு நகிட்டோ மூச்சிரைக்க வந்தாள். கடையில் கூட்டமாம். சீட்டில் இருந்த இருபது எண்களையும் மீட்டரில் அழுத்தினாள். கீச்சொலி நின்றது. அறையைப் பார்த்தாள். மேஜையில் விலா திறந்து கிடந்த கம்ப்யூட்டர், தரையில் செம்மண் குவியல், மூலையில் மடித்து வைத்த மூன்று துணிகள், மூக்கு நுனியில் தூசியோடு அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் பேசினீங்களா?"

"நேரமாச்சு, வெளிய போ" என்றாள் தியோபிஸ்தா.

மூன்று மணி.

முதல் குழந்தை நாற்பத்திரண்டு. நலம். இரண்டாவது ஐம்பது. நலம். மூன்றாவது எழுபத்தொன்று, நோய். பேனா நுனியால் மேஜையில் தட்டித் தட்டி எண்ணினாள். அவளுக்கும் படத்துக்கும் நடுவில் எதுவுமே இல்லை. நாலு. ஐந்து.

ஆறு.

வெளியே கேனில் உட்கார்ந்திருந்த முகீபியின் கையை நகிட்டோ இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆறாவது" என்று உதடு மட்டும் அசைந்தது. திரைக்கு உள்ளேயிருந்து பேனா தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. டக், டக், டக். நின்று நின்று வரவில்லை. ஓடையாக வந்தது.

அறுபத்து நான்கு, நோய் என்று எழுதினாள் தியோபிஸ்தா. ஏழாவதையும் எழுதினாள்.

எட்டாம் குழந்தையைப் பார்த்ததும் முன்னால் குனிந்தாள். எண்ணினாள். எழுதினாள். அதோடு விடவில்லை. கீழே 'வேறு குறிப்பு இருந்தால்' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் தொடாத கட்டம். அதில் விறுவிறுவென்று தட்டினாள். 'மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. மூக்கு விரிகிறது. இது எண்ணிக்கொண்டு நிற்க வேண்டிய குழந்தை இல்லை, உடனே ஆக்சிஜன் கொடுக்க வேண்டிய குழந்தை. படம் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு என் கண்டனம்.'

ஒன்பது. பத்து. அனுப்பு.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. தியோபிஸ்தா ஜெபமாலையைத் தொட்டாள்.

பத்துக்குப் பத்து. தேர்ச்சி.

சத்தம் முதலில் யாரிடமிருந்து வந்தது என்று பிறகு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். நகிட்டோ நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பக்கத்து வீட்டு வேலியிலிருந்து, காரணம் தெரியாமலே, இன்னொரு குலவை பதில் சொன்னது. முகீபி மஞ்சள் கேனைத் தூக்கி மத்தளமாக்கிக்கொண்டான். தியோபிஸ்தா அறை நடுவில் நின்று, ஐம்பத்தாறு வயது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்காத தைரியத்தில் நாலு சுற்று ஆடினாள்.

"நகிட்டோ!" என்று மூச்சு வாங்கக் கூப்பிட்டாள். "சிவப்புச் சேவலைப் பிடி. முழுசா வாழை இலையில கட்டி அவிக்கணும். அவருக்கு."

"எவருக்கு?" என்றாள் மகள், கண்ணைச் சிமிட்டி.

"உன் புருஷனுக்குத்தான். வேற யாருக்கு? கெட்டிக்காரப் பிள்ளை. நான் எப்பவும் சொல்லுவேன்ல?"

"எப்ப சொன்னீங்க?"

"வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாரு. இனிமே சொல்லுவாங்க."

சேவல் பிடிபட்டது. இலை வாட்டப்பட்டது. நிலக்கடலைக் குழம்பின் வாசனை கொல்லைக்கு எட்டியபோது தியோபிஸ்தாவின் போன் அடித்தது. தெரியாத எண்.

"கழகத்துலேர்ந்து டாக்டர் லமுனு பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். "எட்டாவது வீடியோவுக்குக் கண்டனம் அனுப்பியிருந்தீங்க."

தியோபிஸ்தா மெல்ல உட்கார்ந்தாள். "ஆமா."

"படம் பிடிச்சது நான்தான்."

"யேசுவே!"

"பயப்படாதீங்க. பக்கத்துலயே ஆக்சிஜன் தயாரா இருந்துது. அந்தப் பையன் இப்பப் பள்ளிக்கூடம் போறான். மூணு வருஷமா இந்த வீடியோ பாடத்துல இருக்கு. விலாவைப் பத்தி எழுதினது நீங்க ஒருத்தர்தான்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "இவ்வளவு நல்லா பாக்கற கண்ணு ரெண்டு தடவை எப்படித் தப்பாச்சு?"

தியோபிஸ்தா சொன்னாள். மூன்று துணிகள், அலமாரி, பூனைக்குட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பச்சை இலையையும் சொன்னாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"கொஞ்சம் இருங்க. மசாக்கா ஊர்ல, ரக்காய்ல, முபெண்டேல..." டாக்டரின் குரல் மாறியது. "நாப்பத்தோரு பேர். எல்லாம் அனுபவப்பட்ட மருத்துவச்சிங்க. எல்லாருக்கும் முதல் அஞ்சு சரி, பின்னால அஞ்சு தப்பு. வயசாச்சு, கண்ணு போச்சுன்னு நாங்க நினைச்சோம். அவங்க வீட்லயும் துணி போத்தியிருப்பாங்களா?"

"டாக்டர்" என்றாள் தியோபிஸ்தா, "துணி போத்தாம மெஷினை வெச்சிருந்தா அக்கம்பக்கம் என்ன பேசும்?"

டாக்டர் லமுனு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். இந்த மாதக் கடைசியில் அத்தனை பேருடைய உரிமமும் போகிறது. அதற்குள் வீடு வீடாகப் போய்ச் சரி செய்து, அவர்களைத் தேர்வு எழுத வைக்க வேண்டும். மெஷினைத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். மருத்துவச்சிகளுக்கு நம்பிக்கை வருகிற மாதிரிப் பேச, அவர்களில் ஒருவரும் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கழகத்து வண்டி வரும். எட்டு ஊர், பத்து நாள்.

"நீங்களும் உங்களுக்குச் சரி பண்ணிக் கொடுத்தவரும் வருவீங்களா?"

நாற்பத்தொரு பெண்கள். ஆறு நாள் கட்டிலில் கிடந்தது எப்படி இருக்கும் என்று தியோபிஸ்தாவுக்குத் தெரியும். அவர்களில் சிலர் ஆறு மாதமாகக்கூடக் கிடக்கலாம்.

"வர்றோம், டாக்டர்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் நகிட்டோ வாயிலிருந்த சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்.

"அம்மா, கழகத்து வண்டியை நான் பாத்திருக்கேன். பின்னால முழுக்க மருந்துப் பெட்டி. முன்னால டிரைவர் பக்கத்துல ஒரே இருக்கை. ரெண்டு பேர் ஒட்டி உக்காரணும். பத்து நாள். ஓபுகோவோட எப்படிப் போவீங்க?"

ஜன்னலுக்கு வெளியே, சேவலின் தொடையைக் கடித்துக்கொண்டிருந்த முகீபி மெல்லுவதை நிறுத்தினான்.

தியோபிஸ்தா தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்தாள். கொஞ்சமும் நடுங்காத கைகள்.

"செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்றாள். "முதல்ல அவர் வயிறாரச் சாப்பிடட்டும்."